நாய் படுக்கிற புல்லும் சீராக வந்த மண்ணும்

புல் போடுகிற வேலைக்கு வந்திருக்கிறீர்கள். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது வளராது. நிஜப் புல்லாக இருந்தால் இரண்டு மழையில் நம் தப்பையெல்லாம் அதுவே மூடிவிடும். பிளாஸ்டிக் புல் அப்படியே நிற்கும், நம்மைக் காட்டிக்கொடுக்க.

நான் பேச்சுக்காரன் இல்லை. பள்ளிக்கூடமும் அஞ்சாவதோடு சரி. முட்டி போய்விட்டது, குனிய முடியவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எப்படி வெட்டுவது, எப்படி ஒட்டுவது என்று உங்களுக்கு இப்போது படம் போட்டே வருகிறது. அதை நான் எழுதப் போவதில்லை. வேலை நடக்கிற வீட்டில் நாய் இருந்தால் என்ன செய்வது என்று எழுதுகிறேன். அந்த வீட்டில் மனிதர்களும் இருந்தால் என்ன செய்வது என்றும்.

ராயபுரத்தில் கப்பல் கம்பெனி ஆபீசுகளுக்குத் தரைவிரிப்பு போட்டுக்கொண்டிருந்தவன் நான். தொண்ணூறுகளின் கடைசி. துறைமுகத்தில் யாரும் வந்து எடுக்காத சரக்கை ஏலம் விட்டார்கள். அதில் பச்சை உருளைகள் இருந்தன. ஏலம் எடுத்த ஆள் கல்யாண மண்டபத்து ஜமுக்காளம் என்று நினைத்து எடுத்துவிட்டார். விரித்துப் பார்த்தால் புல். "தரை போடறவன் நீதானே, இத்தயும் நீயே போட்டுத் தொலை" என்று என் தலையில் கட்டினார். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

கூட்டாளி மஸ்தான். வண்ணாரப்பேட்டைக்காரன். நான் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவன் பேசுவான். இரண்டு விரிப்பை அவன் ஒட்டினால் எங்கே ஒட்டினான் என்று அவனுக்கே பிறகு தெரியாது. நாய்க்கு மட்டும் பயப்படுவான்.

நாய் இருக்கிற வீட்டில் முதலில் போட்டது மணலி புதுநகரில். கொல்லை முழுக்க வெயில். ஒரு மரம் இல்லை. போட்டு முடித்ததும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கண்ணுக்கு மட்டும். வீட்டுக்காரர் நாயை அவிழ்த்துவிட்டார். நடுப்பகல். நாய் ஓடி வந்தது, நடுவில் நின்றது, ஒவ்வொரு காலாகத் தூக்கியது.

"டான்ஸ் ஆடுது பாரு மாமு!" என்று மஸ்தான் கை தட்டினான்.

"செருப்பைக் கழற்றிவிட்டு நில்" என்றேன்.

நின்றான். அவனும் ஆடினான்.

அந்த நாய் அதற்குப் பிறகு துணி துவைக்கிற கல்லை விட்டு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவ்வளவு புல்லும் கல்லுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. பிறகு நாங்களே போய்க் கீற்றுப் பந்தல் ஒன்று போட்டுக்கொடுத்தோம். நிழல் விழுந்ததும் நாய் இறங்கி வந்தது.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். நாய் வீடு என்றால் மூன்று ரகத்தில் மூன்று துண்டு எடுத்துப் போவேன். கொல்லையில் தள்ளித் தள்ளிப் போடுவேன். ஒவ்வொன்றிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவேன். பிறகு டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது நாய் எதில் படுத்திருக்கிறதோ அதுதான் அந்த வீட்டுக்கு. வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் புல்லைப் பார்க்கப்போகிறவர்கள். படுக்கப்போகிறது அதுதான்.

திருவொற்றியூரில் தேவராஜ் வீட்டுக்குப் போனதும் இந்த மூன்று துண்டோடுதான்.

தேவராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷம் மேலே தனியாக உட்கார்ந்து வேலை பார்த்ததாலோ என்னவோ, கீழே இறங்கிய பிறகும் யாரோடும் பேசிப் பழகவில்லை. அவரோடு பேசுகிறது நாய் மட்டும். செம்பட்டை நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும். பெயர் சாரங்கு. கப்பலில் ஆட்களை விரட்டி வேலை வாங்குகிறவனுக்கு அந்தப் பெயர். இதுவும் வந்தவர் போனவரையெல்லாம் விரட்டியது. மஸ்தான் மதில் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

சாரங்குக்கு ஒரு கெட்ட பழக்கம். தோண்டும். கொல்லை மண்ணைக் கிளறி அந்தக் காலோடு வீட்டுக்குள் வரும். தேவராஜின் மனைவி சுலோச்சனா அதற்குப் பின்னால் துடைப்பத்தோடு வருவார். அந்த வீட்டில் தினமும் நடக்கிற ஊர்வலம் அது.

மூன்று துண்டையும் போட்டேன். சுலோச்சனா நீளப் புல்லைத் தடவிப் பார்த்தார்.

"மெத்துமெத்துனு கீது. இதான் வோணும்."

சாரங்கு வந்தது. அந்த நீளப் புல்லை மோந்து பார்த்தது. காலைத் தூக்கியது. வேலையை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனது.

மதில் மேலிருந்து மஸ்தான் சொன்னான்: "அதுக்கும் புடிச்சிக்கீதுக்கா. கையெழுத்தே போட்டுடுச்சி."

டீ குடித்துவிட்டு வந்தபோது குட்டைப் புல்லில் படுத்திருந்தது. அடியில் ஓட்டை ஓட்டையாக, தண்ணீர் நிற்காத ரகம். ஊற்றிய தண்ணீர் இறங்கிக் காய்ந்திருந்தது. நீளப் புல் இன்னும் சொதசொதவென்று இருந்தது. கையெழுத்தோடு.

"இந்த வூட்டுக்கு ஓனரு அதுவா, நானா?" என்றார் சுலோச்சனா.

தேவராஜ் நாயைப் பார்த்தார். பதில் அதுதான். வாயால் சொல்வதை விட மோசம்.

சுலோச்சனா புடவையை இழுத்துச் செருகினார். "சரி, அது கேட்ட புல்லையே போடு மேஸ்திரி. ஆனா இத்த இப்பவே சொல்லிடறேன், நீயும் கேட்டுக்கோ. பொண்ணுக்குப் பேசி முடிச்சாச்சி. ஞாயித்துக்கெழம மாப்ள வூட்டாரு மொத மொத சாப்புட வராங்க. கொல்லையிலதான் பந்தி. புல்லு போட்டப்பறம் ஒருதபா, ஒரேதபா இது நோண்டட்டும். எங்கண்ணன் வண்டில ஏத்தி மீஞ்சூர் தாண்டி வுட்டுட்டு வரச் சொல்லிடுவேன். அப்பறம் சோறு எறங்கலைன்னு யாரும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு குந்தக் கூடாது."

கடைசிப் பேச்சு தேவராஜுக்கு. அவர் குனிந்து நாயின் தொங்குகிற காதை ஒரு தடவை தூக்கி நிறுத்தினார். விட்டதும் அது விழுந்துவிட்டது.

வேலை தொடங்கினோம். கொல்லையை இறுக்கி ஜல்லி போட்டோம். அதற்கு மேல் மண் வேண்டும். புல்லுக்கு நடுவில் தூவவும் மண் வேண்டும். கல் குவாரித் தூள் சொல்லலாம் என்றிருந்தேன். அப்போது சுலோச்சனாவின் அண்ணன் வந்தார்.

ஏழுமலை. நெட்டுக்குப்பத்தில் கருவாட்டு வியாபாரம். கை நிறைய மோதிரம், வாய் நிறைய சிரிப்பு. சொந்தமாக ஒரு டெம்போ. தங்கை மகள் கல்யாணம் என்றால் தாய்மாமன்தானே எல்லாம். எதை எடுத்தாலும் "அது என் சீரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாத்திரம் என் சீர், பந்தல் என் சீர், பிரியாணி அரிசி என் சீர். ஜல்லியைப் பார்த்தவர் கேட்டார்:

"இதுக்கு மேல இன்னா வரும்?"

"மண்ணு."

"மண்ணா! காசு குடுத்தா வாங்குவ? கரை பூரா மண்ணை வெச்சிக்கினு! மச்சான், மண்ணு என் சீரு!"

கடல் மண் உப்பு, நன்றாகக் கழுவி வேண்டும் என்றேன்.

"அலையே கழுவுன மண்ணு மேஸ்திரி. அதுக்கு மேல நீ இன்னா கழுவப் போற?"

தாய்மாமன் சீர் என்று ஒருவர் வாயால் சொன்ன பிறகு அதைத் திருப்புகிற ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. திருப்பினால் அது வெறும் மண்ணைத் திருப்பியதாக ஆகாது. மண் வந்தது. டெம்போவுக்கு மாலை போடாத குறை. வாரி இறக்கிச் சமன் செய்து, புல்லை விரித்து, ஓரத்தில் பலகை அடித்து, மேலே தூவித் துடைப்பத்தால் தள்ளி முடித்தோம்.

நாற்றம் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். அன்றைக்கு மணலி ஆலைகள் பக்கத்துக் காற்று. அந்தக் காற்று அடிக்கிற நாளில் எங்கள் ஊரில் மூக்குக்கு லீவு. எதிரில் ஒரு திமிங்கிலம் செத்துக் கிடந்தாலும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவராஜ் போன் செய்தார். அவர் போனில் பேசி அன்றுதான் கேட்டேன்.

"மேஸ்திரி, வா."

அவ்வளவுதான். நானும் மஸ்தானும் போனோம்.

காற்று கடல் பக்கம் திரும்பியிருந்தது. புல் பளிச்சென்று இருக்கட்டும் என்று சுலோச்சனா விடிந்ததும் குழாயைப் பிடித்துக் கொல்லை முழுக்கத் தண்ணீர் அடித்திருக்கிறார். மண் நனைந்திருக்கிறது. வெயில் ஏறியிருக்கிறது.

மதில் மேல் வரிசையாகப் பூனைகள். காசிமேட்டு மீன் ஏலத்துக்கு வந்த மாதிரி பொறுமையாக உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குக் கீழே மூலையில் ஓரப் பலகை பெயர்ந்து, புல் சுருண்டு கிடந்தது. சாரங்கின் தலை புல்லுக்குள் இருந்தது. வால் மட்டும் வெளியே ஆடியது.

சுலோச்சனா பட்டுப் புடவையில் நின்றார். கையை நீட்டி வாசலைக் காட்டினார்.

"அண்ணா, வண்டிய எடு."

"நல்ல நாள்ல..." என்றார் ஏழுமலை.

"நல்ல நாள்லதான் நோண்டிக்கீது. அவங்க வர்றதுக்குள்ள கொண்டு போ. இன்னொருதபா சொல்ல மாட்டேன்."

தேவராஜ் கையில் சங்கிலி இருந்தது. அவரே மாட்ட வேண்டும், வேறு யாரையும் அது கிட்டே விடாது. மாட்டுகிற கொக்கி கழுத்துப் பட்டையில் இடம் தேடிக்கொண்டே இருந்தது. அத்தனை வருஷம் கப்பல் பெட்டிகளை மேலேயிருந்து குறி பார்த்து இறக்கிய கை அது.

மூலையில் போய் முட்டி போட்டேன். அப்போது முட்டி இருந்தது. மண்ணை ஒரு கை அள்ளினேன். உள்ளங்கையில் ஒரு நெத்திலித் தலை. கண்ணோடு. இன்னொரு கை அள்ளினேன். இன்னும் இரண்டு. கருவாடு காயப்போடுகிற இடத்தில் வாரிய மண். கொல்லை முழுக்க அதுதான்.

நாய் தோண்டவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள், வந்திருக்கிறது.

தம்பிகளே, இங்கேதான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். எனக்கு முன்னால் இரண்டு வழி. உண்மையைச் சத்தமாகச் சொல்லலாம். சொன்னால் தாய்மாமன் கொண்டுவந்த சீர் நாறுகிறது என்று சொன்னதாக ஆகும். மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டெம்போவில் ஏறிவிடுவார். தாய்மாமன் இல்லாத வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். சொல்லாமல் இருக்கலாம். இருந்தால் அதே டெம்போவில் நாய் ஏறிவிடும். எப்படிப் பார்த்தாலும் அந்த டெம்போ கிளம்பிவிடும் போல இருந்தது.

மஸ்தான் என் கையை எட்டிப் பார்த்தான். வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசாமல் இருந்தான்.

"ஏழுமலை சார், பலகை தூக்கணும். ஒரு கை குடுங்க" என்று வெளியே அழைத்துப் போனேன். டெம்போவுக்குப் பின்னால் நிறுத்தினேன். நெத்திலித் தலையை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது யார் சரக்கு, பாத்துச் சொல்லுங்க."

மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முகம் மலர்ந்தது.

"நம்மளுதுதான்! பாரு, தலை எப்டி வெள்ளி மாரி மின்னுது. நம்ம சரக்கு எத்தினி நாள் ஆனாலும் இப்டித்தான். எங்க வாங்குன?"

"வாங்கல. உங்க சீர்ல இருந்திச்சி."

சிரிப்பு அப்படியே நின்றது. கையைப் பார்த்தார். மதில் மேல் பூனைகளைப் பார்த்தார். கணக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

"அய்யய்ய. லோடு ஏத்துறவன் எங்க வாருனான்னு நான் பாக்கவேயில்லியே மேஸ்திரி! சம்பந்தி மூக்கு வெச்சிக்கினுதானே வருவாரு! பேஜாராப்பூடுமே! சுலோக்கு தெரியுமா?"

"தெரியாது."

"மச்சானுக்கு?"

"அவரு கொக்கி மாட்டறாரு."

ஏழுமலை டெம்போ மேல் சாய்ந்தார். "இப்ப மண்ண எடுக்க முடியாதா?"

"பந்திக்குள்ள முடியாது."

"அப்போ?"

மதியம் என்ன சமையல் என்று கேட்டேன். கோழி பிரியாணி என்றார். வண்டியில் நெத்திலி இருக்கிறதா என்றேன். இரண்டு மூட்டை இருப்பதாகச் சொன்னார்.

"வறுங்க. கொல்லையிலயே."

இந்தக் கணக்கு சட்டென்று புரிந்தது. அப்புறம் மூட்டையைத் தோளில் ஏற்றினார். வியாபாரி இல்லையா.

"சுலோ! மாப்ள வூட்டாருக்கு இன்னிக்குத் தாய்மாமன் கையால நெத்திலி வறுவல்!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனார்.

"பிரியாணிக்கு நெத்திலியா? உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்பூடுச்சா?"

"என் சீரு. குறுக்கப் பேசாத."

சுலோச்சனா அண்ணனைப் பார்த்தார். சுருண்ட புல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று தெரியவில்லை.

"நாயி?" என்றார்.

"நாளைக்கு. சாப்புட வர்றவங்களுக்கு எதிர்ல வண்டி எடுத்தா நல்லாருக்காது" என்றார் ஏழுமலை.

தேவராஜ் கை நின்றது. கொக்கி மாட்டவில்லை.

பிளாஸ்டிக் புல்லுக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்த வேலை அது. நீங்கள் யாரும் செய்யாதீர்கள். நான் செய்தேன். சுருண்ட மூலையை இன்னும் நன்றாகச் சுருட்டிப் பின்னுக்குத் தள்ளி, தகரம் நிறுத்தி, ஈரச் சாக்கு போர்த்தி, வெறுந்தரையில் அடுப்பை வைத்தோம். எண்ணெய் காய்ந்தது. முதல் பிடி நெத்திலி விழுந்தது. அதோடு அந்தக் கொல்லையில் இருந்த நாற்றத்துக்கெல்லாம் ஒரு சொந்தக்காரன் கிடைத்துவிட்டான்.

சம்பந்தி வியாசர்பாடிக்காரர். வாசலிலேயே மூக்கைத் தூக்கினார். ஏழுமலைக்கு வியர்த்தது.

"இன்னா வாசனை இது?"

"நெத்திலி வறுவல், சம்பந்தி. தாய்மாமன் சீரு."

"அட்ரா! தெருமொனையிலயே தூக்குச்சி!"

"எவ்ளோ பூனைங்க" என்றார் சம்பந்தி அம்மாள்.

"வாசனைக்கு வந்திச்சிங்கக்கா. எனுக்கே நாக்கு ஊறுது, அதுங்க இன்னா பண்ணும்?" என்றான் மஸ்தான். நாய் பக்கத்தில் இருந்ததால் அவன் இதையும் ஸ்டூல் மேல் நின்றுதான் சொன்னான்.

புல் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிரியாணி மீந்தது. நெத்திலி மிஞ்சவில்லை. சம்பந்தி விரலை நக்கிக்கொண்டே வீட்டுக்கு ஒரு பை கேட்டார். ஏழுமலை கல்யாணத்துக்கும் சேர்த்து ஒத்துக்கொண்டார். சாரங்கு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விழுகிற தலைகளை எடுத்துக்கொண்டிருந்தது. அடுப்படியில் நாய் உட்காருவதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை.

தேவராஜ் சாப்பிடவில்லை. இலையில் இருந்ததையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதற்கே போட்டுவிட்டார். நாளைக்கு என்ற சொல் அவருக்கு மட்டும் காதில் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் போனோம். அடியில் ஈரம் தங்கிவிட்டது, கடல் மண் ஒத்துவரவில்லை, மாற்ற வேண்டும் என்று சுலோச்சனாவிடம் சொன்னேன். அது பொய்யில்லை. ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கினார். புல்லைச் சுருட்டி உதறினோம். அவரே வாரினார், அவரே கூடையில் சுமந்தார், யாரையும் கிட்டே வந்து பார்க்க விடவில்லை. டெம்போ நிறைந்தது. பின்கதவைச் சாத்தினார்.

வேலை முடிந்தது. அப்போது எல்லாருக்கும் அந்த இன்னொன்று ஞாபகம் வந்தது.

தேவராஜ் நாயைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சங்கிலி மாட்டியிருந்தது. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் போல நின்றார். சாரங்குக்கு டெம்போ பிடித்திருந்தது. அந்த வாசனைக்கு வாலை ஆட்டியது.

ஏழுமலை தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "முன்னாடி சீட்டுல... குந்த வெச்சிக்கறேன் சுலோ. நீ சொன்ன மாரி."

நான் வாயைத் திறந்தேன். நாய் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடுவது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். விருந்துதான் முடிந்துவிட்டதே.

சுலோச்சனா எனக்கு முந்திக்கொண்டார்.

"முன்னாடி சீட்டுல நீ குந்துவியா, அது குந்துமா? எடமில்ல. அது இங்கியே கெடக்கட்டும். நீ மண்ண மட்டும் எடுத்துக்கினு கெளம்பு."

ஏழுமலை வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். சுலோச்சனா ஜன்னல் பக்கம் போனார். எனக்குக் கேட்கிற அளவுக்கு, தெருவுக்குக் கேட்காத அளவுக்குச் சொன்னார்:

"கொட்டறதுக்கு முந்தி சலிச்சிக்கோண்ணா. நெத்திலி நெறைய கீது. மொத நாளு நீ எறக்கும்போதே பாத்தேன். சீராச்சேன்னு வாய மூடிக்கினேன்."

ஏழுமலை வண்டியை எடுத்த வேகத்தில் இரண்டு கூடை மண் தெருவிலேயே கொட்டியது. பூனைகள் மதிலை விட்டு இறங்கிப் பின்னால் ஓடின.

தேவராஜ் சங்கிலியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சாரங்கு திரும்பிக் கொல்லைக்கு நடந்தது. அங்கே இன்னும் புல் இல்லை, ஜல்லிதான். அதில் ஒரு இடம் பார்த்து இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தது.

"மேஸ்திரி, இன்னா பாத்துக்கினு நிக்கற?" என்றார் சுலோச்சனா. "அது எழுந்துக்கறதுக்குள்ள போய் நல்ல மண்ணா கொண்டா."